சாலையோடு நின்ற கோடுகள்

என் இரும்புப் பெட்டியின் அடியில், குடும்ப அட்டைக்கும் பழைய ஓட்டுநர் உரிமங்களுக்கும் கீழே, நான்காக மடித்த பெரிய தாள் ஒன்று இருக்கிறது. விரித்தால் பாதிப் பாயை மறைக்கும். அதில் கிழக்குக் கடற்கரைச் சாலை தெற்கு வடக்காக ஒரு தடித்த கறுப்புக் கோடு. அதன் மேலும் பக்கத்திலுமாக எண்ணற்ற மெல்லிய நீலக் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு மிதிவண்டி போன தடம். மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் கொத்தாகப் பிறந்து, கடற்பக்கம் சில பிரிந்து, மிச்சம் வடக்கே ஏறி, நெம்மேலியைத் தாண்டித் திருவிடந்தைக்குப் போகும் வழியில், ஒரு பேருந்து நிறுத்தத்தின் எதிரில், ஏராளமான கோடுகள் கத்தரியால் வெட்டிவிட்டாற்போல நின்றுவிடுகின்றன. அதற்கு மேற்கே வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளையில்தான் என் வீடு இருக்கிறது. எழுபதுக்கும் குறையாத பிற வீடுகளும் இருக்கின்றன. அந்த வெள்ளையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய மூன்று சிறிய வரிகள் உண்டு. அவை மிதிவண்டித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அம்மையாரின் கையெழுத்து. அவரை நான் முழுதாக நம்பிய நாள் ஒன்றுகூட இல்லை. இன்றும் நம்புகிறேனா என்று கேட்டால் உடனே விடை சொல்லத் தெரியாது.

பிறந்தது படாளத்துப் பக்கம். பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். பள்ளியில் எட்டாம் வகுப்போடு நின்று, மிச்சத்தை வாடகை நூலகங்களிலும் லாரி நிற்கும் இடங்களில் கிடைத்த பழைய தாள்களிலும் கற்றவன் நான். மணமானபின் மனைவியின் ஊரான இந்தக் கடற்கரைப் பக்கம் வந்து சேர்ந்தேன். வெகுகாலம் சரக்கு வண்டிகள் ஓட்டி, கண்ணாடி போட்ட வயதில், பொது மிதிவண்டித் திட்டத்தில் குட்டியானை என்ற சிறு சரக்கு வண்டியை ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். சாலையோரக் கொட்டகைகளில் பச்சை மிதிவண்டிகள் வரிசையாக நிற்கும். கைப்பேசியைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். எங்கே போய்ப் பூட்டுகிறோமோ அங்கே பயணம் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் மக்கள் அதற்குச் ‘செல்லு சைக்கிள்’ என்று பெயர் வைத்தார்கள். ஓரிடத்தில் குவிந்துபோன வண்டிகளைக் குட்டியானையில் ஏற்றி, காலியாகக் கிடக்கும் கொட்டகைகளில் இறக்குவது என் பணி.

அந்தப் பணியில் மனிதர்களைப் பார்க்காமலேயே மனிதர்களின் போக்குவரத்தை அறிந்துகொண்டேன். காலையில் வண்டிகள் பேருந்து நிறுத்தங்களிலிருந்து விடுதிகளின் பின்வாசல்களுக்குப் போகும். முன்வாசலில் ஒன்றுகூட நிற்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்பாக்கம் நகரியத்திலிருந்தும் கணினி அலுவலகங்களிலிருந்தும் வரும் குடும்பத்தினர் உற்சாகமாக எடுத்துக்கொண்டு கிளம்பி, வெயில் உச்சிக்கு வந்ததும் பிரியாணிக் கடை வாசலில் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிவிடுவார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் பார்த்தே அது எங்கே போய் வந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. சங்கிலியில் மணல் நெறுநெறுத்தால் கடற்கரை. சக்கரக் காப்பில் கருஞ்சேறு காய்ந்திருந்தால் கால்வாய்க் கரை. இருக்கை கடைசித் துளைவரை இறங்கியிருந்து, கூடையில் சவுக்குச் சருகும் கிடந்தால், அது எங்கள் பெண்கள் ஓட்டியது. எங்கள் பாட்டை வழியாக வந்தது.

அந்தப் பாட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடியிருப்பு கடற்கரைச் சாலைக்கு மேற்கே, கால்வாய்க்கு இப்பால் இருக்கிறது. சாலைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்பு. அதன் உரிமையாளரை எங்களில் எவரும் பார்த்ததில்லை. தோப்பின் குறுக்கே, இரண்டு பேர் தோளுரசாமல் நடக்கும் அகலத்தில் ஒரு மண்வழி. சவுக்கு வெட்டும் காலங்களில் மிலாறு எனப்படும் சுள்ளிகளைப் பொறுக்கிச் சுமந்து வந்து வந்து விழுந்த தடம் ஆதலால் ‘மிலாறுப் பாட்டை’ என்பது அதன் பெயர். பள்ளிக்கும், பேருந்துக்கும், பிரசவத்துக்கும், பிணத்துக்கும் அதுதான் வழி. எந்த அரசாங்கக் காகிதத்திலும் அது இல்லை. இல்லாதிருப்பதே அதற்குப் பாதுகாப்பு என்று நாங்கள் நினைத்தோம்.

எங்கள் ஐயம் காற்றில் முளைத்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன், தோப்புக்குத் தெற்கே எங்கள் ஆடுமாடுகள் மேய்ந்த மேட்டுநிலத்துக்கு, நாடாவும் முக்காலியுமாகச் சிலர் வந்தார்கள். குடிநீர்க் குழாய் போடுவதற்கு அளக்கிறோம் என்றார்கள். எங்கள் மக்கள் மோர் கொடுத்தார்கள். நாடாவின் மறுமுனையைப் பிடித்தும் கொடுத்தார்கள். குழாய் வரவில்லை. நாடா எங்கெங்கு வளைந்ததோ அங்கெல்லாம் முள்வேலி வந்தது. அதுமுதல் எங்கள் ஊரில் எவர் எதை அளந்தாலும், அளப்பவர் முகத்தைவிட அளக்கும் கருவியைத்தான் நாங்கள் உற்றுப் பார்ப்போம்.

இத்தகைய ஊருக்குத்தான் ஒருங்கிணைப்பாளர் அம்மையார் வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, பருத்திப் புடவை, வெயிலுக்கு ஆண்கள் கட்டுவதுபோல் தலையில் ஒரு துண்டு. தந்தையார் கல்பாக்கத்தில் பணியிலிருந்தவராம்; நகரியத்தில் வளர்ந்தவராம். மிதிவண்டிகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று பார்த்து, எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்ற வரைபடத்துக்குக் குறிப்புத் தருவது அவர் வேலை. என்னை ‘ஐயா’ என்றுதான் அழைப்பார். அதுவே எனக்கு முதல் உறுத்தல். என் வாழ்நாளில் என்னை ஐயா என்று அழைத்த அதிகாரிகள் அனைவரும் அடுத்த வாக்கியத்தில் ஒரு கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது உறுத்தல் அவருடைய பென்சில். எதையும் பேனாவால் எழுதமாட்டார். பேனாவால் எழுதியவர் பொய் எழுதினால் அகப்படுவார். பென்சிலின் மறுமுனையிலோ அழிப்பான் இருக்கிறது. தான் எழுதியதைத் தானே இல்லையென்று ஆக்கிக்கொள்ளும் வசதியோடு எழுதுகிறவரை எப்படி நம்புவது?

ஒருநாள் முற்பகல், நிறுத்தத்துக் கொட்டகையில் வண்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அம்மையார் மடிக்கணினியைக் குட்டியானையின் பின்தட்டில் வைத்து என்னை அழைத்தார்.

“இங்க பாருங்க ஐயா. போன வாரம் சோதனைக்கு ஓட்டினதுல நாலஞ்சு கோடு தோப்புக்குள்ள போகுது. மேப்புல வெறும் தோப்புன்னுதான் இருக்கு. உள்ள வழி ஏதாவது இருக்கா?”

திரையைப் பார்த்தேன். மிலாறுப் பாட்டை, அதன் ஒவ்வொரு வளைவோடும், பனைமரத்தைச் சுற்றும் அந்தச் சிறு ஒதுக்கத்தோடும், நீல நிறத்தில் படுத்திருந்தது. நாங்கள் எவரும் காட்டிக்கொடுக்காத ஒன்றை வண்டியே காட்டிக்கொடுத்துவிட்டது. “எப்டி மேடம் தெரியுது?” என்று மட்டும் கேட்டேன். இருக்கைக்கு அடியில் தீப்பெட்டி அளவில் புதிதாக ஒட்டியிருந்த கறுப்புக் கருவியைக் காட்டினார். திறந்தது முதல் பூட்டுவது வரை, வண்டி போகும் வழியை அது குறித்துக்கொண்டே போகுமாம். “இதெல்லாம் சோதனை ஓட்டம், கணக்குல வராது. வர்ற ஒண்ணாந்தேதியிலேருந்துதான் கணக்கு. மக்கள் எந்த வழியில போறாங்களோ அதை அப்படியே வரைபடத்துல போடப்போறோம்” என்றார். அவர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது நாடா தரையில் இழுபடும் ஓசை.

மறுநாள் காலை, குழாயடியில் தண்ணீர் பிடிக்க எல்லோரும் கூடும் நேரத்தில், நான் பேச நின்றேன். முதலில் வாயைத் திறந்தவள் என் மனைவியின் தங்கை. பக்கத்து வீட்டுக்காரி, ஒரு கடற்கரை விடுதியில் அறை துப்புரவு செய்பவள். நாற்பது வயதைக் கடந்து, யாரும் சிரிக்க வழியில்லாத சவுக்கு நிழலில் விழுந்து விழுந்து, செல்லு சைக்கிளில்தான் ஓட்டப் பழகினாள்.

“இன்னா மாமா, மீட்டிங் போட்டுக்கினு நிக்கிற? எலெக்‌ஷனு வந்துட்ச்சா?”

வண்டிக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது, நாம் போகும் வழியெல்லாம் அது எழுதிக்கொண்டே போகிறது, மேடத்தின் கணினியில் நம் பாட்டை தெரிகிறது என்றேன்.

“தெரிஞ்சா தெரியட்டும். பாட்டைதான மாமா, வப்பாட்டியா? மறைச்சு வெச்சுக்க?”

குடங்கள் ஆடும்படி பெண்கள் சிரித்தார்கள். எங்களுள் மூத்தவரான பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “சிரிங்கடி. போன தபா பைப்புன்னு சொல்லிக்கினு வந்தானுங்க. பைப்பு வந்துச்சா? வேலி வந்துச்சு” என்றார். சிரிப்பு நின்றது. அந்த நிசப்தம் எனக்குத் துணிவைக் கொடுத்தது என்பதை மறைக்கமாட்டேன். சொன்னால் கேட்பார்கள் என்ற நிலையில் ஒரு மனிதனுக்கு வரும் துணிவு அது.

“ரோட்டுலயே எறங்கிப் பூட்டிடுங்க. அங்கேர்ந்து நடந்து வாங்க. காலையிலயும் அதே மாதிரி, ரோட்டுல போய்த்தான் எடுக்கணும். பொட்டி ரோட்டோட நின்னுடும். தோப்புக்குள்ள ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்குவாங்க.”

“நாள் முச்சூடும் ரூமு ரூமா குனிஞ்சு பெருக்கிட்டு வரேன். முட்டி வலிக்குதுன்னுதான் இந்த வயசுல சைக்கிளே கத்துக்கினேன். நீ இன்னாடான்னா எறங்கி நடன்ற.”

“நம்ப நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“உன் நல்லது எப்பப் பாத்தாலும் என் கால்ல வந்துதான் வியுது மாமா” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆயினும் ஒண்ணாந்தேதி அவளும் சாலையில் இறங்கித்தான் நடந்தாள். எங்கள் ஊரில் எந்தக் கட்டுப்பாடும் அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டு நான் கண்டதில்லை. மழை பெய்த நாளிலும் ஒரு வண்டி தோப்புக்குள் போகவில்லை. மாலையில் நிறுத்தத்தில் வரிசையாகப் பூட்டுகள் விழும் ஓசையைக் கேட்டுப் பெருமிதம் கொண்டேன். இயந்திரத்துக்குப் பயணம் அங்கே முடிந்தது. எங்களுக்கு அங்கிருந்துதான் வீட்டுக்குப் போகும் பயணம் தொடங்கியது. அந்த வேறுபாட்டை ஓர் ஊரே சேர்ந்து மறைத்துவிட்டோம் என்பதில் எனக்கு அப்போது எத்தனை மகிழ்ச்சி!

அம்மையார் விடவில்லை. மாதத்தின் நடுவில் ஒருநாள், கொட்டகையில் நின்ற வண்டி ஒன்றின் கூடையிலிருந்து ஒரு சவுக்குச் சருகை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். காற்றில் பறந்து வந்து விழுந்திருக்கும் என்று கேட்பதற்கு முன்பே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

“சோதனையப்ப நாலஞ்சு கோடு உள்ள போச்சே ஐயா. இப்ப ஒண்ணுகூடப் போகல. இத்தனை பேரு இங்க எறங்கி எங்கதான் போறாங்க?”

“டீக்கடைக்கு மேடம்.”

“இத்தனை பேருமா?”

“டீ நல்லாருக்கும் மேடம்.”

“அப்ப அந்தப் பழைய கோடு?”

“யாராச்சும் வெளிக்குப் போயிருப்பாங்க.”

“சைக்கிள்லயா?”

“அவசரம் மேடம்” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அதையும் நான் ஐயுற்றேன். சிரிப்பு அடங்கியதும், “சரி, நாம ரெண்டு பேரும் ஒரு நடை உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?” என்றார்.

“கட்டுவிரியன் ஜாஸ்தி மேடம். பட்டப்பகல்லயே சுத்துது.”

அவர் பார்வை மெல்ல என் கால்களுக்கு இறங்கியது. என் செருப்பு வாரில், கட்டைவிரல் இடுக்கில், சவுக்குச் சருகுகள் இரண்டு மூன்று குத்திட்டு நின்றன. அன்று காலையும் நான் அந்தப் பாட்டை வழியாகத்தானே வேலைக்கு வந்திருந்தேன். காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார்.

சில வாரங்கள் கழித்து அம்மையாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. விடைபெறும் நாளில் ஒரு காரில் வந்து இறங்கினார். பின்னிருக்கையில் நான் அறியாத ஒருவர் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் மடித்த இந்தத் தாளை என் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, “வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாருங்க ஐயா. பதினஞ்சு நாள் இருக்கு. தோணினா எனக்கு ஒரு போன் பண்ணுங்க” என்றார். கார் போனபின் நெடுநேரம் யோசித்தேன். எதற்குப் பதினைந்து நாள்? காரில் இருந்தவர் யார்? பிரித்துப் பார்த்ததற்கு அடையாளம் வைத்து, பின்னாளில் ‘இவருக்கு எல்லாம் காட்டினோம், ஒப்புக்கொண்டார்’ என்று சொல்லிவிட்டால்? பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்காததே பெரிய தந்திரமாகத் தோன்றியது. தாளைப் பிரிக்காமல் குட்டியானையின் முன்பெட்டியில், காப்பீட்டுக் காகிதங்களுக்குப் பின்னால் செருகிவிட்டேன். அது அங்கேயே கிடந்தது.

அந்த ஆண்டு மழை நின்றபின் ஊராட்சி அலுவலகத்தில் வண்ண வரைபடம் ஒட்டினார்கள். தோப்பு இருந்த இடம் மஞ்சள் நிறம். மனைகளாகப் பிரிக்கத்தக்க காலி நிலம் என்று கீழே விளக்கம். சாலைகளுக்கும் பாதைகளுக்கும் சாம்பல் நிறம். தோப்புக்குள் ஓர் இழைகூடச் சாம்பல் இல்லை. அடுத்து மரம் அறுக்கும் இயந்திரங்கள் வந்தன. பிறகு சிமெண்டுக் கற்களால் ஆளுயரச் சுவர். சாலைப் பக்கம் ஓர் இரும்புக் கதவு. அதில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. கால் மணி நேரத்தில் சாலையை எட்டிய நாங்கள், இப்போது கால்வாய்க் கரையைச் சுற்றி முக்கால் மணி நடக்கிறோம். மழைக்காலத்தில் அந்தக் கரையும் இராது. பேருந்தைத் தவறவிட்டுத் தவறவிட்டு, மச்சினிச்சியைக் காலை முறையிலிருந்து மாற்றிவிட்டார்கள். வீடு திரும்ப விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிறது.

ஆட்சேபம் சொல்லச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்துக்கு எங்களை அழைத்தார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் பதினைந்து பேர் போனோம். அதிகாரி கடுமையானவர் அல்லர். எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீரும் தரச்செய்தார்.

“பாதைகள யாரும் இஷ்டத்துக்குப் போடலம்மா. அந்த ரோட்டுல ஓடுற ஒவ்வொரு சைக்கிளும் எங்க போகுதுன்னு தடம் எடுத்துப் பாத்திருக்காங்க. எல்லாமே ரோட்டோட நிக்குது. வழின்னு ஒண்ணு இருந்தா ஒரு சைக்கிளாவது உள்ள போயிருக்கணும் இல்லையா?”

“நாங்க நடந்து போனோம் சார்” என்றாள் மச்சினிச்சி.

“கையில சைக்கிள் இருக்கும்போது எதுக்கும்மா எறங்கி நடக்கணும்?”

நியாயமான கேள்வி. உலகத்தில் எவரும் கேட்கக்கூடிய கேள்வி. அதற்கு விடை தெரிந்த பதினைந்து பேரும் அந்த அறையில் இருந்தோம். பெரியவர் தரையைப் பார்த்தார். மச்சினிச்சி என்னைப் பார்த்தாள். நான் மேலே சுழலும் விசிறியைப் பார்த்தேன். எழுந்து நின்று ‘நான்தான் இறங்கி நடக்கச் சொன்னேன், வழி இருக்கிறதா என்று கேட்டவரிடம் இல்லையென்று சொன்னவனும் நானே’ என்று சொல்வதற்கு வேண்டிய அளவு நேரம் அங்கே இருந்தது. நான் சொல்லவில்லை.

“முட்டிக்கு நல்லதுன்னு நடந்தோம் சார்” என்றாள் அவள்.

அதிகாரி சிரித்தபடி எதையோ எழுதிக்கொண்டார். திரும்பி வரும் பேருந்தில் அவள் எனக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், “பயப்புடாத மாமா. உன்னைய சொல்லிக் குடுக்க மாட்டேன்” என்றாள். வசை பேசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

நிறுத்தத்திலிருந்த கொட்டகையை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் வராததால் அங்கே வண்டி எடுப்பார் இல்லை. இப்போது பச்சை மிதிவண்டிகள் மாமல்லபுரத்தில் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே. என் வேலையும் முடிந்தது. குட்டியானையை ஒப்படைக்கும் நாளில் முன்பெட்டியைத் துடைத்தபோதுதான் இந்தத் தாள் மீண்டும் கைக்கு வந்தது. அன்றுதான் பிரித்தேன். நீலக் கோடுகள் அனைத்தும் எங்கள் நிறுத்தத்தில் வெட்டுண்டு நின்றன. மேற்கே, வெள்ளையின் ஓரத்தில், பென்சிலால் இப்படி எழுதியிருந்தது:

‘இங்கே பாதை உண்டா? ஓட்டுநர் இல்லை என்கிறார்.

செருப்பில் சவுக்குச் சருகு.

அவர் சொன்னால் சேர்க்கலாம்.’

வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வரைபடத்தை முடிக்குமுன் பதினைந்து நாள் இருக்கிறது என்றது இதற்குத்தான். அவர் கண்டிருக்கிறார். கண்டும் எழுதாமல் விட்டிருக்கிறார். ஏன்? தன் கண்ணால் கண்டதைப் பதிய அவருக்கு என் வாய்ச்சொல் எதற்கு? ஓர் ஊர் ஒன்றுகூடி மறைப்பதை, அவர்கள் இசைவின்றி வெளியே போட அவர் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை என்று சில நாள் நினைக்கிறேன். அப்படி நினைக்கும் நாள்களில் எனக்கு அவரிடம் ஒரு மரியாதை உண்டாகிறது. வேறு சில நாள்களில், சுவர் யாருக்கோ வேண்டியிருந்தது, பழியை மட்டும் ஓட்டுநர் தலையில் எழுதிவைத்துவிட்டுப் போனார் என்று தோன்றுகிறது. அவருடைய எண் என்னிடம் இருந்தது. அழைத்தேன். அந்த எண் இப்போது புழக்கத்தில் இல்லையாம். அதையும் ஐயுறுகிறேன் என்றால் படிப்பவர்கள் சிரிக்கலாம்.

எங்கள் மனு இப்போது மேல்முறையீட்டில் இருக்கிறது. பாதை இருந்ததற்குச் சுவருக்கு முந்தைய எழுத்துச் சான்று ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உலகத்திலேயே அப்படி ஒரு சான்றுதான் இருக்கிறது. அது பாதையைக் கேள்விக்குறியோடு சொல்கிறது. என் பொய்யைக் கேள்விக்குறி இல்லாமல் சொல்கிறது. அதை நீட்டுகிறவன், ‘அன்று பொய் சொன்னேன், இன்று மெய் சொல்கிறேன்’ என்று நிற்க வேண்டும். அன்று பொய் சொன்னவனை இன்று எதற்கு நம்ப வேண்டும் என்று அவர்கள் கேட்டால், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்பேன்.

போன வெள்ளிக்கிழமை காலை மச்சினிச்சியை அழைத்துத் தாளைப் பாயில் விரித்தேன். அவளுக்குப் பெரிய எழுத்துதான் படிக்க வரும். மூன்று வரிகளையும் நான் படித்துக் காட்டினேன். ஒன்றையும் விழுங்கவில்லை. அவள் நீலக் கோடுகள் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“இதுல என்து எது மாமா?”

“எல்லாம் ஒண்ணாத்தான் கீது. தெரியாது.”

“நம்ப வூடு எங்க கீது?”

நான் வெள்ளையில் ஓரிடத்தைத் தொட்டேன். அவள் விரலும் கோடுகளை விட்டு அங்கே வந்தது. “செருப்பப் பாத்தே கண்டுபுடிச்சுக்குது அந்த அம்மா. நீ இன்னா மாமா, காலக் கழுவிட்டுப் போய்ப் பொய் சொல்லக் கூடாது?” என்றாள். அவளுடைய கேலி என்னிடம் திரும்பி வந்ததில் எனக்குக் கண் கலங்கியது.

மூலத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அலுவலகங்களில் காகிதங்களுக்கு என்ன நேரும் என்பதை அறிந்தவன் நான். எனவே சனிக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போய், பேருந்து நிலையத்துக்கு எதிரில் நகலெடுக்கும் கடையில் கொடுத்தேன். பெரிய தாள் ஆகையால் பகுதி பகுதியாக எடுத்தார். சாலை விழுந்தது. நீலக் கோடுகள், கறுப்பாக மாறினாலும், விழுந்தன. மேற்குப் பகுதி வெறும் வெள்ளையாக வந்தது. கருமையைக் கூட்டி இரண்டாம் முறை எடுத்தார். அழுக்கும் மடிப்பும்தான் கூடின.

“பென்சிலு ரொம்ப மங்கலா கீது அண்ணாத்த. விழாது. எங்க குடுக்கணுமோ அங்க ஒரிஜினலையே குடுத்துடு” என்றார் கடைக்காரர்.

அந்த எழுத்தின் மேல் பேனாவால் ஓட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஓட்டினால் அது என் கையெழுத்தாகிவிடும். நானே எழுதிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். கைப்பேசியில் படம் பிடித்தேன்; திரையில் ஏதோ கறை போலத் தெரிந்தது. இன்னொருவர் கையில் நகலின்றி எதையும் கொடுக்காத என்னை, அந்தப் பென்சில் எழுத்து மூலத்தையே கொடுக்கும் ஒரே வழியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அம்மையார் இதையும் எண்ணித்தான் பென்சிலால் எழுதினாரோ என்னவோ.

நாளை திங்கட்கிழமை. செங்கல்பட்டுக்கு முதல் பேருந்தைப் பிடிக்க, கால்வாயைச் சுற்றி இருவரும் விடியுமுன் கிளம்ப வேண்டும். தாளை எடுத்து மடித்துவைத்தேன், மறுபடி விரித்தேன். இரும்புப் பெட்டி திறந்தே கிடந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மச்சினிச்சி சொன்னாள்:

“குடுத்துட்டு வந்துடலாம் மாமா. இத்தையும் ரோட்டுலயே பூட்டிட்டு நடந்து வரப் போறியா?”

பெட்டியை மூடினேன். தாள் வெளியேதான் இருக்கிறது. காலையில் மறக்காமல் எடுத்துப்போக, அதன் மேல் என் செருப்பை வைத்திருக்கிறேன்.